குத்தகையும் நாலு நம்பரும்

கோலாலம்பூரின் ஆதி சரித்திரத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஈயச் சுரங்கத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது சூதாட்டக் கொட்டகையே. 1868 முதல் 1885-இல் மரணமடையும்வரை சீனர்களின் கப்பித்தானாக இருந்து, நகரத்துக்கே அதிபதிபோல் விளங்கிய யாப் ஆ லோய், சந்தையோடு சூதாட்டத்தையும் தம் ஆதிக்கத்தில் வைத்திருந்தார். 1881-இல் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் குடிசைகளை அழித்துவிட, இனிச் செங்கல் கட்டடங்களே எழவேண்டும் என்ற ஆக்ஞை பிறந்தபோது, செங்கல் தொழிலில் முதல் போட்டவரும் அவரே. அந்தச் சூளைகள் புகைந்த பிரதேசந்தான், பிற்காலத்தில் ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் குடியேறிய பிரிக்பீல்ட்ஸ்.

அக்காலத்து அரசாங்கம் சூதை வெறுக்கவுமில்லை, நேரில் நடத்தவுமில்லை. அபினையும் சாராயத்தையும்போல அதையும் குத்தகைக்கு விட்டுப் பணம் வாங்கிக்கொண்டது. சுரங்க முதலாளியே குத்தகைதாரராகவும் இருந்துவிட்டால், பகலில் கொடுத்த கூலி இரவில் அவர் பெட்டிக்கே திரும்பிவிடும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஐக்கிய மலாய் மாநிலங்களில் இந்தச் சூதாட்டக் குத்தகை 1912-இல் ஒழிந்தது.

குத்தகை ஒழிந்ததேயன்றி ஆசை ஒழியவில்லை. 1896-இல் தோன்றிய சிலாங்கூர் குதிரைப் பந்தயச் சங்கம், இன்று இரட்டைக் கோபுரங்கள் நிற்கும் அம்பாங் சாலை மைதானத்தில் கனவான்களையும் கடைச் சிப்பந்திகளையும் ஒருங்கே ஈர்த்தது. ஆங்கிலேயரின் பட்டாளங்களோடும் கிளப்புகளோடும் கீழ்த்திசையெங்கும் பரவிய தம்போலாவோ, வேறு ஜாதி விளையாட்டு. மூன்று வரிசை, வரிசைக்கு ஒன்பது கட்டம், அவற்றில் ஐந்தில் மட்டும் எண். 1 முதல் 90 வரை ஒவ்வொன்றாக எடுத்துக் கூவக்கூவ, தம் அட்டையின் பதினைந்து எண்களையும் முதலில் அடித்து முடித்தவருக்குப் பரிசு. சீட்டுப் பணம் பெரும்பாலும் கூடியிருப்போருக்குள்ளேயே கைமாறும். ஒரு சாயங்காலத்தோடு விஷயம் முடிந்துவிடும். எனக்கு அதன்மேல் பெரிய குறையில்லை.

ஆனால் இந்நாட்டு ஜனங்களைப் பிடித்தது, நாலு இலக்க எண்ணின்மேல் பணம் கட்டும் நாலு நம்பர். 1951-இல் கெடாவில் ஒரு பள்ளி மாணவன் தன் சைக்கிளைப் பரிசாக வைத்து இரண்டு இலக்கத்தில் நடத்திய சீட்டே அதன் மூலம் என்றொரு கதை உண்டு. 1969-இல் மேக்னம் கம்பெனி அரசாங்க உரிமத்தோடு அதை நடத்தத் தொடங்கியது. அரசாங்கமே ஸ்போர்ட்ஸ் டோட்டோ என்னும் குலுக்கல் கம்பெனியை நிறுவியதும், பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கெந்திங் மலையில், பின்னர் சூதாட்டமும் நடந்த விடுதிக்கு அடிக்கல் நாட்டியதும் அதே வருஷத்தில்தான். குத்தகைதாரரின் ஸ்தானத்துக்கு உரிமதாரர் வந்தார்; குத்தகைப் பணத்தின் ஸ்தானத்துக்கு வரி வந்தது.

கணக்கைச் சற்றுப் பார்க்கலாம். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். 'பெரிசு' என்னும் வகையில் ஒரு வெள்ளி கட்டினால் முதற் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. அதன்பின் பத்து எண்களுக்குத் தலா 180, இன்னும் பத்துக்கு ஆறுதலாகத் தலா 60. பத்தாயிரம் எண்களையும் ஒருவனே வாங்கினாலும் அவன் கைக்குத் திரும்புவது 6,400 வெள்ளிதான்.

இந்தக் கணிதம் அறியாமலா கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சனிக்கிழமை மாலை நம்பர் கடை வாசலில் வரிசை நிற்கிறது? நசுங்கிக் கிடக்கும் காரைச் சுற்றிக் கூடுகிற கூட்டத்தில், அடிபட்டவனுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்த கையோடு நம்பர் தகட்டையும் குறித்துக்கொள்கிறவர் ஒருவராவது இருப்பார். பாம்பைக் கனவு கண்டவர், அதற்குரிய எண்ணைச் சீனர்களின் கனவுப் புத்தகத்தில் தேடுவார். தத்துவத்திலும் வழிபாட்டிலும் எத்தனையோ பேதம் பாராட்டும் நம்மவர்கள், இந்த ஒரு சாஸ்திரத்தை அண்டை வீட்டாரிடமிருந்து தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள்.

சைக்கிள் கதை பிறந்த கெடாவில் மாநில அரசாங்கம் 2023-இல் நம்பர் கடைகளின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. சிலாங்கூரிலோ கடைகள் திறந்திருக்கின்றன. புதன், சனி, ஞாயிறு குலுக்கலுக்கு ஆள் சேரக் குறைவில்லை.