ஜோராசாங்கோ வீட்டில் ஓவியம் கற்ற விதம்

வீட்டுவழிக் கல்வி பற்றிய உரையாடல் எழும்போதெல்லாம் இரவீந்திரநாத் தாகூரின் பெயர் தவறாமல் எடுத்தாளப்படுகிறது. எந்தப் பள்ளியிலும் நிலைக்காமல் வெளியேறி, வீட்டிலேயே கலைகளோடு வளர்ந்து கவியானவர் என்பது அச்சித்திரம். அது முழுப் பொய்யன்று. ஆயினும் கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் நடந்த கல்வி இச்சித்திரத்தைவிடக் கடுமையானது, விநோதமானதும்கூட.

'ஜீவன்ஸ்மிருதி' நூலின்படி, சிறுவனின் நாள் விடியுமுன் மல்யுத்தப் பயிற்சியோடு தொடங்கியது. உடலில் ஒட்டிய மண்ணின்மீதே சட்டையை மாட்டிக்கொண்டு பாடத்துக்கு அமர வேண்டும். பின்னர் பள்ளி. மாலை நாலரை மணிக்கு வீடு திரும்பினால் உடற்பயிற்சி ஆசிரியர் காத்திருப்பார். அவர் அகன்றதும் ஓவிய ஆசிரியர். விளக்கேற்றிய பின் ஆங்கில ஆசிரியர். எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்கென்று கம்பியில் கோத்த மனித எலும்புக்கூடு ஒன்று அறையில் தொங்கியது. இந்த ஏற்பாடு அண்ணன் ஹேமேந்திரநாத்துடையது. தாய்மொழி வழியே கற்க வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றதை இரவீந்திரநாத் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஓவிய ஆசிரியருக்கோ அந்நினைவுகளில் கால அட்டவணைக்கு அப்பால் பெரிய இடம் கிடைக்கவில்லை.

அதே நூலில் இன்னொரு காட்சி விரிவாக இடம்பெறுகிறது. குழந்தையைக் காக்க வேண்டிய வேலையாள், தன் வசதிக்காகச் சுண்ணக்கட்டியால் தரையில் வட்டமிட்டு, அதைத் தாண்டக் கூடாதென எச்சரித்துவிட்டுப் போய்விடுவான். அருகில் ஜன்னல், கீழே குளம், கரையில் ஆலமரம். குளிக்க வருவோர் ஒவ்வொருவரும் நீரில் இறங்கும் முறையைச் சிறுவன் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தான். படநூல் ஒன்றைப் புரட்டுவதுபோல அக்காட்சியில் ஆழ்ந்திருந்ததாக அவரே குறிப்பிடுகிறார். அறுபது வயதைக் கடந்து தூரிகையை எடுத்து, 1930-இல் பாரிஸில் கண்காட்சி வைத்த முதியவரையும் இந்தச் சிறுவனையும் நேர்கோட்டால் இணைப்பது ஆய்வாளர் செய்யத்தக்கதன்று. எனினும் பாட ஏற்பாட்டில் இடம்பெற்ற ஓவியத்தைவிட, அதற்கு வெளியே வாய்த்த பார்த்தல் ஆழமாகப் பதிந்தது என்பதற்கு அவருடைய எழுத்தே சான்று.

அவ்வீட்டில் பார்ப்பதற்குப் பஞ்சமில்லை. அண்ணன் ஜோதிரிந்திரநாத் உறவினரையும் விருந்தினரையும் ஓயாமல் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். அவற்றுள் 25 உருவப்படங்களின் தொகுப்பு 1914-இல் லண்டனில் வெளிவந்தது. அண்ணி ஞானதானந்தினி தேவி, வீட்டுப் பிள்ளைகள் எழுதிப் பழகுவதற்கென்றே 1885-இல் 'பாலக்' என்னும் இதழைத் தொடங்கினார். ஓராண்டே நின்ற இதழ்தான். ஆனால் பிள்ளைகளின் எழுத்தை அச்சேறத் தக்கதாகக் கருதிய வீடு அது.

அடுத்திருந்த ஐந்தாம் எண் வீட்டில் வளர்ந்த அவனீந்திரநாத்தின் கதை வேறு வகை. ஆங்கிலச் சொல்லொன்றின் உச்சரிப்பில் ஆசிரியரோடு முரண்பட்டுத் தண்டனை பெற்றதால் தந்தை குணேந்திரநாத் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். தந்தையின் வண்ணங்களும் பென்சில்களும் கைக்கெட்டும் தொலைவில் இருந்தன. ஐரோப்பிய ஆசிரியர்களிடம் முறையாகப் பயின்றது 1890-களில்தான். பின்னாளில் நந்தலால் போஸ் போன்ற மாணவர்களை உருவாக்கிய அவர், கற்பிக்கும் இடத்தையும் பெரும்பாலும் வீட்டுத் தாழ்வாரம்போலவே வைத்துக்கொண்டார்: ஆசிரியர் தம் படத்தை வரைவார், மாணவர் தம் படத்தை வரைவர்.

அத்தாழ்வாரத்தின் மறுபக்கத்தில் நின்றவர் அவருடைய தங்கை சுனயனி தேவி (1875–1962). சிறு வயதிலேயே திருமணமானவர். சகோதரர்களுக்குக் கிடைத்த ஓவியப் பயிற்சி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. அவர்கள் வரைவதைக் கண்டதும், வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்த தெய்வப் படங்களும், நாட்டுப்புறக் கலை வடிவங்களுமே அவருடைய பாடநூல்கள். ஏறத்தாழ 30 வயதில், இல்லறக் கடமைகளுக்கிடையே வரையத் தொடங்கினார். சிவப்பிலோ கறுப்பிலோ கோடிட்டு, நீர்வண்ணம் நிரப்பி, தாளை நீரில் தோய்த்தெடுக்கும் முறை அவருடையது. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் ஜெர்மனியின் பௌஹௌஸ் ஓவியர்களின் படைப்புகளோடு ஒரே கண்காட்சியில் அவருடைய படங்களும் இடம்பெற்றன. வீட்டில் கலை தானே பரவும் என்பதற்கு அவரை உதாரணம் காட்டுவது எளிது. ஆனால் தானே பரவுவதற்கு விடப்பட்டவர் அவர். ஆசிரியர் அமர்த்தப்பட்டது ஆண்பிள்ளைகளுக்கு. இந்த வேறுபாட்டைக் கவனியாமல் ஜோராசாங்கோவைப் புகழ்வது அரைகுறை வரலாறு.

இவ்வேறுபாடு இரவீந்திரநாத் தந்தையானபோதும் நீங்கவில்லை. 1890-களின் இறுதியில் குடும்பத்தைப் பத்மா நதிக்கரையிலிருந்த சிலைதஹாவுக்கு அழைத்துச் சென்று, தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பள்ளி நடத்தினார். வங்கமொழியைத் தாமே கற்பித்தார். சமஸ்கிருதத்துக்கு ஒரு பண்டிதர். ஆங்கிலத்துக்கு லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயர். இந்த லாரன்ஸ் பட்டுப்புழு வளர்ப்பில் வெறிகொண்டு மூழ்கிய கதையை மகன் ரதீந்திரநாத் தம் நினைவு நூலில் சுவையாகச் சொல்கிறார். மூத்த மகள் மாதுரிலதாவும் அடுத்தவள் ரேணுகாவும் அந்த வீட்டுப் பள்ளியின் பிள்ளைகளே. 1901-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 14 வயது மாதுரிலதாவுக்கும், 11 வயது நிரம்பாத ரேணுகாவுக்கும் அடுத்தடுத்துத் திருமணம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியது. முதல் மாணவர்களுள் ஒருவர் ரதீந்திரநாத். வீட்டுக் கல்வி மகனுக்குப் பள்ளியாக வளர்ந்தது. மகள்களுக்கு மணவறையில் முடிந்தது. 1903-இல் ரேணுகா இறந்தாள்.

1915 வாக்கில் ஜோராசாங்கோவில் தொடங்கிய 'விசித்ரா' கூடத்தில்தான் அவ்வீட்டுப் பெண்கள் ஓவியர்களிடம் முறையாகப் பயிலும் வாய்ப்பைப் பெற்றனர். மருமகள் பிரதிமா தேவி அவர்களுள் ஒருவர்.

மாளிகையும் வேலையாட்களும் ஆறேழு ஆசிரியர்களும் இல்லாத வீடுகளுக்கு இதில் எது சென்றடைய முடியும்? 1930-இல் 'சஹஜ் பாட்', அதாவது 'எளிய பாடம்', முதலிரு பாகங்களாக வெளிவந்தது. எழுதியவர் இரவீந்திரநாத்; படங்கள் நந்தலால் போஸின் லினோ அச்சுகள். அதற்கு முன் வங்கக் குழந்தைகள் எழுத்தறிந்தது பெரும்பாலும் வித்யாசாகரின் 'வர்ணபரிசயம்' (1855) வழியாக. அது எழுத்தையும் ஒழுக்கத்தையும் சேர்த்துப் புகட்டிய நூல். 'சஹஜ் பாட்' எழுத்துகளுக்குச் சின்னஞ்சிறு செய்யுள்களை அமைத்து, அவற்றோடு கறுப்பு வெள்ளைக் காட்சிகளைச் சேர்த்தது. சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு படங்கள் நின்றுவிடுவதில்லை. செய்யுளை வாசிக்கத் தெரியாத குழந்தையும் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் தங்க முடியும், ஜன்னலோரம் வட்டத்துக்குள் அமர்ந்திருந்த சிறுவனைப்போல.

லினோ அச்சுக்கு விலையுயர்ந்த வண்ணங்கள் வேண்டியதில்லை. ஒரே மையில், சாதாரணத் தாளில் அச்சிடலாம். தண்டி யாத்திரையில் கோலூன்றி நடக்கும் காந்தியடிகளின் புகழ்பெற்ற உருவத்தை நந்தலால் செதுக்கியதும் அதே 1930-இல், அதே முறையில்தான்.