பழைய விசைப்பலகையும் புதிய நகலும்

பழமை என்பதற்காகவே ஒரு பொருளைப் போற்றுவதும், புதுமை என்பதற்காகவே ஒன்றைக் கைக்கொள்வதும் அறிவுடையோர் செயலாகா. இரண்டையும் அருகருகே வைத்து, எது எவ்வாறு இயங்குகிறது, எது எதனால் கெடுகிறது என்று ஆராய்வதே முறையாகும். இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு பொருள், எழுத்துவேலையால் பிழைப்போர் கையில் நாள்தோறும் இருக்கும் கணினி விசைப்பலகையே. அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகட்கு முன்னர் செய்யப்பட்ட விசைப்பலகைகளை இன்று பெருவிலை கொடுத்து வாங்குவோர் உளர். அவற்றைப் போலவே புதிதாகச் செய்து விற்போரும் உளர். அசல் சிறந்ததா, நகல் சிறந்ததா என்னும் வினாவிற்கு அவற்றின் சரித்திரமே விடை கூறும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1933ஆம் ஆண்டில் மின்சாரத் தட்டெழுத்து யந்திரத் தொழிலில் இறங்கிற்று. 1961ஆம் ஆண்டில் செலெக்ட்ரிக் என்னும் புகழ்பெற்ற யந்திரத்தை வெளியிட்டது. கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் அதன் தொழிற்சாலை இருந்தது. கணினி அலுவலகங்களுட் புகுந்தபொழுது, அதன் முன் அமர்ந்தவர்கள் தட்டெழுத்தில் தேறிய குமாஸ்தாக்களே. விசை பதிந்ததா இல்லையா என்பதை அவர்தம் விரலும் செவியும் அக்கணமே அறிதல் வேண்டும். அறியாவிடில் கண் திரையை நாடும், வேகம் குறையும், பிழை மிகும்.

இக்குறையை நீக்க ஐ.பி.எம். பொறியியலாளர் ரிச்சர்ட் ஹாரிஸ் வகுத்த அமைப்பொன்று 1978ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் நிற்கும். விரல் அழுத்த அழுத்த அது சுருங்கும். ஓர் எல்லையைக் கடந்ததும் திடீரெனப் பக்கவாட்டில் வளைந்து, தன் அடியிலுள்ள சிறு தகட்டைச் சாய்க்கும். 'டக்' என்னும் ஒலி எழும். விரலின் எதிர்ப்பும் சட்டெனத் தளரும். எழுத்து பதிவதும் ஏறக்குறைய அந்நொடியிலேதான். வில் பொய் சொல்வதில்லை என்பதே இதன் சிறப்பு.

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வெளிவந்த ஐ.பி.எம். சொந்தக் கணினியில் இவ்வில்லைக் கொண்ட 'மாடல் எஃப்' பலகை 83 விசைகளுடன் அமைந்திருந்தது. அதில் மின்தொடர்பு உலோகத்தோடு உலோகம் உரசுவதால் உண்டாவதன்று. சாயும் தகடு மின்தேக்கத் திறனை மாற்றுவதைக் கொண்டே விசை அறியப்பட்டது. உரசல் இன்மையால் அவ்வகையில் தேய்வும் இல்லை. இரண்டு இரும்புத் தகடுகள் உட்பொறிகளை இறுகப் பிடித்திருந்தன.

1985ஆம் ஆண்டில் 'மாடல் எம்' வந்தது. வில் அதே வில்தான். ஆயின் மின்தேக்கப் பலகை போய், மெல்லிய பிளாஸ்டிக் ஏடுகள் மூன்று வந்தன. உட்பகுதிகளை இணைக்கப் பிளாஸ்டிக் ஆணிகள் வந்தன. காரணம் யாதெனில், செலவுக் குறைப்பே. எனினும் அதன் 101 விசைகளின் ஒழுங்கு மிகச் சிறந்தது. இன்றைய பலகைகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே. பின்னர் விலைப்போட்டி மிகுந்து, வில்லும் மறைந்து, ரப்பர்க் குமிழ்ப் பலகைகளே எங்கும் பரவின.

இனி நகல்களைக் காண்போம். 1991ஆம் ஆண்டில் ஐ.பி.எம். அத்தொழிலை லெக்ஸ்மார்க் என்னும் தனி நிறுவனமாகப் பிரித்தது. 1996ஆம் ஆண்டில் அதனின்று விசைப்பலகைத் தொழிலைப் பெற்ற யூனிகாம்ப், அதே லெக்சிங்டனில் மாடல் எம் மரபைத் தொடர்ந்து நடத்திற்று. நெடுங்காலம் உழைத்த அச்சுகள் தேய்ந்தமையால் வேலைப்பாடு முன்போல் இல்லை என்று வாங்கினோர் குறை கூறியதுண்டு. பின்பு புதிய அச்சுகள் செய்யப்பட்டன. மற்றொரு முயற்சி 2010களின் நடுப்பகுதியில் தொடங்கிற்று. அது வங்கிகளில் பயன்பட்ட 4704 என்னும் ஐ.பி.எம். கருவியின் மாடல் எஃப் பலகையை முன்மாதிரியாகக் கொண்டு, மின்தேக்க அமைப்பையும் இரும்புத் தகடுகளையும் மீண்டும் செய்தது.

அசலிலும் குறை உண்டு. மாடல் எஃப் தகடுகளுக்கிடையே உள்ள நுரைப்படலம் ஆண்டுகள் செல்லச்செல்லப் பொடியாகி உதிரும். மாடல் எம்மின் பிளாஸ்டிக் ஆணிகள் முறியும். 1981ஆம் ஆண்டுப் பலகையிலோ, இடப்புற ஷிப்ட் விசைக்கும் இசட் எழுத்துக்கும் நடுவே வேறொரு விசை புகுந்து பழகிய விரலை இடறச் செய்தது. இவற்றையும் அவ்வாறே பின்பற்றும் நகல் பக்திக்கு உதவுமேயன்றி வேலைக்கு உதவாது. புதிய நுரைப்படலம் இட்டு, இக்காலக் கணினியோடு நேரே இணையும் கம்பி அமைத்து, வேண்டியபடி விசைகளை மாற்றிக்கொள்ள இடமளித்து, வில்லை மட்டும் மாற்றாது விட்ட நகலே நல்ல நகல். முன்னோர் விட்டுச்சென்றவற்றுள் காக்கத்தக்கது எது, களையத்தக்கது எது என்று பிரித்தறிந்த வேலை அது.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. அன்று வங்கிக் குமாஸ்தா அப்பலகையைத் தன் பணத்தால் வாங்கவில்லை. அது அவருக்கு வேலைக்கருவி, வங்கியே கொடுத்தது. இன்று அதன் நகலுக்கு 300 அமெரிக்க டாலருக்கு மேல் விலை கூறப்படுகிறது. விருப்பமும் பொருளும் உடையோர் அதனைத் தம் கைப்பணம் கொடுத்து வாங்குகின்றனர். நாள் முழுதும் தட்டெழுதுவோருக்கோ அலுவலகம் கொடுப்பது மலிவான குமிழ்ப் பலகை. பால்மரம் வெட்டும் கத்தியின் குணத்தை வெட்டுவோர் கையே அறியும். வாங்கிக் கொடுப்போர் கண்ணுக்கோ விலைச்சீட்டே தெரியும். விசைப்பலகையின் கதையும் அதுவே.

ஆகவே, பழைய பலகை சிறந்திருந்தது அது பழையது என்பதனால் அன்று. அதைச் செய்வித்தோர், அதன்மேல் உழைக்கும் விரலைக் கணக்கில் எடுத்துக்கொண்டனர் என்பதனாலேயே அது சிறந்தது. வில்லை நகல் செய்தல் இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. உழைப்போர் கைக்கு நல்ல கருவி கொடுத்தல் கடன் என்னும் அவ்வெண்ணத்தையும் நகல் செய்வோர் எவரோ, அவரே அசலுக்கு உரிய வாரிசு ஆவர்.