காணாமற் காணல்

கண்ணே காண்கின்றது என்பது உலக வழக்கு. ஆயின் கண் வாயில் மட்டுமே. காட்சி உணர்வாக மலர்வதற்குத் தலையின் பிற்புறத்தேயுள்ள பிடர் மூளை வேண்டும். இவ்வுண்மை மனிதரிடத்தே தெளிவுற்ற வரலாற்றிற் பெரும்பகுதி போர்க்காயங்களால் எழுதப்பட்டதாகும்.

1904–05இல் நிகழ்ந்த உருசிய யப்பானியப் போரின்பின், தட்சுஜி இனோயே என்னும் யப்பானியக் கண்வைத்தியர், காயமுற்ற வீரர்க்குரிய உதவிப்பணத்தை நிருணயித்தற்பொருட்டு அவர்தம் பார்வையிழப்பை அளந்தார். குண்டு புகுந்த துவாரத்தையும் வெளியேறிய துவாரத்தையும் நேர்கோட்டால் இணைத்து, மூளையின் எப்பகுதி சிதையின் பார்வைப்புலத்தின் எப்பகுதி இருளும் எனக் கண்டார். 29 வீரரை ஆராய்ந்த அவர்தம் நூல் 1909இல் வெளிவந்தது.

முதலாம் உலகப் போரிற் புதியதொரு புதிர் எழுந்தது. குருடாகிய புலத்தில் உருவமும் நிறமும் தோன்றாவிடினும், ஏதோ அசைவதைச் சில வீரர் உணர்ந்தனர். பிரித்தானிய வைத்தியர் ஜோர்ஜ் றிடொக் 1917இல் இதனை வெளியிட்டார். அக்காலத்துப் பேரறிஞர் கோர்டன் ஹோம்ஸ் இதனை ஏற்றிலர். எனவே அக்கருத்து நெடுங்காலம் ஒதுங்கிக் கிடந்தது.

1974இல் வைஸ்கிரான்ஸ் குழுவினர், வலப் பிடர் மூளையிற் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவரை ஆராய்ந்தனர். அவர்க்கு இடப்புறப் புலத்தின் பெரும்பகுதி தெரியவில்லை. எனினும், ‘ஊகித்தாவது சுட்டுக’ என்றபோது, ஒளி தோன்றிய இடத்தை அவர் பெரும்பாலும் சரியாகவே சுட்டினார். கிடைக்கோட்டையும் நிலைக்கோட்டையும் பிரித்துரைத்தார். தம் வெற்றியை அறிந்தபோது அவரே வியந்தார். இதற்குக் ‘குருட்டுப் பார்வை’ எனப் பெயரிட்டனர்.

காரணம் யாது? விழித்திரையினின்று செல்லும் நரம்புகள் யாவும் ஒரே வழியிற் செல்வனவல்ல. பெரும்பாலன பிடர் மூளையை நோக்கும் பாதையிற் செல்ல, சில நடுமூளையை அடைகின்றன. முன்னைய வழி அழிந்தபின்னும் எஞ்சிய வழிகள் கையையும் கண்ணையும் இயக்கவல்லன. எனினும் ‘காண்கின்றேன்’ என்னும் உணர்வை அவை தருவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் 1998இல் வெளியிட்ட நூலில் இதனைப் பொதுமக்களும் உணருமாறு விளக்கினார்.

போர் கொள்ளும் விலையை மயிலிட்டி மக்கட்கு எவரும் உரைக்கவேண்டியதில்லை. 1990இல் ஊரை நீங்கியோர் 2017இலேயே தம் துறைமுகக் கரையை மீண்டும் மிதித்தனர். காயமுற்றோர் வாயிலாகப் பெற்ற அறிவை நாம் பணிவோடு போற்றுதல் கடன். ‘காணவில்லை’ என்ற சொல்லும் மெய். சரியாகச் சுட்டிய விரலும் மெய். இவ்விரண்டையும் ஒருங்கே நம்புதற்கு வைத்திய உலகம் 1917 தொட்டு 57 ஆண்டுகள் காத்திருந்தது. துன்புற்றோர் கூற்று நம் கொள்கைக்குப் பொருந்தாதவிடத்து, ஐயுறவேண்டியது முதலிற் கொள்கையையே.