பரங்கிப்பேட்டையில் இருந்து வந்த பையன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

மூதூர்ப் புளியமரத்துக் கதை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். "வெள்ளைக்காரன் மரம்" என்பார்கள். 1893 இல் நட்ட கல்லும் அங்கே உண்டு. ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கொட்டியாரக் குடாவுக்குக் கப்பலில் வந்தார், பிடிபட்டார், கண்டி மன்னனிடம் 19 வருடம் கைதியாக இருந்தார். கதை இவ்வளவுதான். மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள் என்று சேர்த்துச் சொல்லும் பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

இந்தக் கதைக்குள் இன்னொருவன் இருக்கிறான். அவனைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவனுக்காகத்தான் இன்று எழுதுகிறேன்.

நொக்ஸ் என்றால் இரண்டு பேர். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். தந்தை கப்பல் தலைவர். கப்பலின் பெயர் 'ஆன்', கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடியது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் அதன் பாய்மரம் போய்விட்டது. கொட்டியாரத்தில் போய் மரம் வெட்டிப் பாய்மரம் வையுங்கள், அப்படியே கொஞ்சம் வியாபாரமும் பாருங்கள் என்று உத்தரவு வந்தது. கப்பலில் பரங்கிப்பேட்டை வியாபாரிகளும் இருந்தார்கள். இன்றும் மரைக்காயர்கள் நிறைந்து வாழும் அதே பரங்கிப்பேட்டைதான். அந்தக் கரைக்கும் நமது கரைக்கும் துணி வியாபாரம் நடந்த காலம் அது.

1660 ஏப்ரலில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் நயமாகப் பேசிக் கரைக்கு அழைத்து, தந்தை, மகன் உட்பட 16 பேரைப் பிடித்தார்கள். மகனுக்கு அப்போது 19 வயது. ஒரு விடயத்தை இங்கே சொல்லாமல் போக முடியாது. இதே இராஜசிங்கனின் தந்தை செனரத் மன்னன்தான், 1626 இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைத் துரத்தியபோது அடைக்கலம் கொடுத்து, நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தந்தை அடைக்கலம் கொடுத்த நாட்டில் மகன் கைதிகளைச் சேர்த்தான். அரசர்களின் மனது அப்படித்தான். ஊர்ச் சனங்கள் வேறு மாதிரி.

கைதிகளைச் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. ஊர் ஊராகப் பிரித்து விட்டார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்து இரண்டு வேளைச் சோறு கொடுக்க வேண்டும் என்பது மன்னனின் கட்டளை. கட்டளைக்காகக் கொடுத்த சோற்றுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று ஒருவர் கேட்கலாம். என்னைக் கேட்டால், வேண்டும். கட்டளை போட்டவன் அரண்மனையில் இருந்தான். நெல்லைக் குற்றி உலையில் போட்டது அந்த வீட்டுப் பெண்தான்.

தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்தை என்ற ஊரில் ஒன்றாக விடப்பட்டார்கள். அவர்களோடு ஒரு பையன். தந்தைக்கு எடுபிடி வேலை செய்யப் பரங்கிப்பேட்டையில் இருந்து கூட்டி வந்த பையன். நொக்ஸ் பின்னாளில் எழுதிய நூலில் அவனுக்குப் பெயர் கிடையாது. "கறுப்புப் பையன்" என்றே குறிப்பிடுகிறார். தமிழ் பேசியிருப்பான் என்று நினைக்கிறேன், அந்த ஊரின் பிள்ளை வேறு என்ன பேசப் போகிறான்?

பிடிபட்ட பிறகு அந்தப் பையன் சொல்வழி கேட்பதில்லை என்று நொக்ஸ் குறைப்படுகிறார். தன் நிறத்தவர்களின் கையில் எசமான் கைதியாகிவிட்டதைப் பார்த்த பிறகு, மனம் வந்தால்தான் வேலை செய்தானாம். அவனைக் கட்டாயப்படுத்தவும் இவர்களால் முடியவில்லையாம். அந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பையனில் என்ன பிழை? அடிமைத்தனம் முடிந்துவிட்டது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

தந்தைக்கும் மகனுக்கும் குளிர்காய்ச்சல் பிடித்தது. மாதக்கணக்கில் விடவில்லை. 1661 பெப்ரவரி 9 இல் தந்தை மௌத்தானார். மகன் எழுந்து நிற்கவும் பலமில்லாமல் கிடந்தார். உதவி கேட்டபோது, ஊரவர் மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டு வந்தார்கள், கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போட. பிரேதத்தைத் தொடுவது அவர்களுக்குத் தீட்டு. சோறு தந்த அதே கைகள்தான். ஒரு ஜனாஸாவை அடக்கும் கடமையை ஊரே சேர்ந்து சுமக்கும் நமக்கு அந்தக் கயிற்றை நினைத்தாலே நெஞ்சு பதறும். கடைசியில் அந்தப் பையனை அனுப்பித்தான் கூலிக்கு ஆள் தேடினார் நொக்ஸ். தந்தையை மண்ணில் வைத்தார்கள். அதன் பின் தனக்குத் துணையாக மிஞ்சியவை அந்தப் பையனும் காய்ச்சலும்தான் என்கிறார்.

போகலாம் என்றால் அவன் எப்போதோ போயிருக்கலாம். போகவில்லை.

நொக்ஸிடம் இரண்டு சமய நூல்கள் மட்டும் இருந்தன. திரும்பத் திரும்ப வாசித்து அவை மனப்பாடமாகிவிட்டன. வேதநூல் ஒன்று கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், சோற்றுக்குக் கறியாக நாலு சின்ன மீன் கிடைக்குமே என்று. அவ்வழியே வந்த ஒரு கிழவரின் கையில் புத்தகம் ஒன்று. போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது அவருக்குக் கிடைத்ததாம். உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கிழவர் பையனிடம் கேட்க, விரித்துப் பார்த்தால் ஆங்கில வேதநூல்! நொக்ஸுக்குக் கை நடுங்கியிருக்கும். தன்னிடம் இருந்த பணத்தைத் தூக்கிக் கொடுக்கத் தயாரானார். பையன்தான் தடுத்தான். பேரம் பேசி, ஒரு பின்னல் தொப்பிக்கு முடித்துவிட்டான். கொட்டியாரத்துக்குத் துணி விற்க வந்தவர்களின் ஊர்க்காரன் அல்லவா!

பிறகு தொப்பி பின்னுவதே நொக்ஸின் பிழைப்பானது. நூலுக்கு மூன்று பென்ஸ், தொப்பிக்கு ஒன்பது பென்ஸ் என்று கணக்கும் எழுதி வைத்திருக்கிறார். நம்மவர்களைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. கண்டியில் சோனகரின் பள்ளிக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு சிறு காசு கொடுக்க வேண்டும் என்று முன்னொரு மன்னன் ஏற்பாடு செய்திருந்தானாம். சோனகர் வீடு வீடாகப் போய் வாங்குவார்களாம். ஏழைச் சோனகர் வந்து கேட்டாலும் சிங்களச் சனங்கள் தாராளமாகக் கொடுப்பார்கள் என்று எழுதுகிறார். பௌத்தரின் வீட்டுப் படியில் நின்று பள்ளிக்குக் காசு வாங்கிய காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்திருக்கிறது. அதை எழுதிவைத்த ஆங்கிலேயருக்கும் நன்றி.

1679 இல் நொக்ஸும் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரும் சில்லறைச் சாமான் விற்பவர்கள் போல அநுராதபுரம் வரை போய், மல்வத்து ஓயா வழியே காட்டுக்குள் நடந்து, ஒக்டோபர் 18 இல் மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். 1681 இல் லண்டனில் நூல் வெளிவந்தது. எலதெத்தவில் அவர் வாங்கி வைத்திருந்த காணியை, தான் வளர்த்த லூசியா என்ற பிள்ளைக்கு விட்டுக்கொடுத்தார். கூடக் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ஒருவரின் மகள் அவள். அவளுக்குப் பெயரும் இருக்கிறது, காணியும் இருக்கிறது.

2006 ஆகஸ்டில் நாங்கள் உடுத்த உடுப்போடு மூதூரை விட்டுக் கந்தளாய்க்குப் போனதை இதை வாசிக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் நாள், ஒரு சிங்கள அம்மா பெரிய கேத்தல் நிறைய பிளேன்டீயும் ஒரு பை சீனியும் கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார். என் உம்மா இன்றும் "அந்த மனுசி" என்றுதான் சொல்வா, துஆவிலும் அப்படித்தான். நன்றியை வாங்கிக்கொள்ள நிற்காமல் போய்விடும் மனிதர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

போன கிழமை வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். கயிறு வந்த இடத்தில் பிள்ளைகள் மூச்சுக் காட்டவில்லை. தொப்பிப் பேரத்தில் சிரித்தார்கள். முடிந்ததும் பின் வாங்கில் இருந்து ஒரு கேள்வி: "சேர், அந்தப் பொடியன்ட பேர் என்ன?"

எழுதி வைக்கப்படவில்லை என்றேன். அவர்களுக்கு அது போதவில்லை. பரங்கிப்பேட்டை என்றால் காதர் என்றுதான் இருக்கும் என்றான் ஒருவன். மீரான் என்றாள் இன்னொருத்தி. "முருகனாகவும் இருக்கலாம்தானே சேர்" என்று மூன்றாவது பிள்ளை எழும்பியது. சண்டை பிடிபட்டுவிட்டது. மணி அடித்த பிறகும் விறாந்தையில் அது ஓயவில்லை.