தீத்தலமும் காடும்: அண்ணாமலையின் சூழல்மண்டல வரலாறு

முன்னுரை

ஐம்பூதத் தலங்களுள் திருவண்ணாமலை நெருப்புக்கு உரியது. அங்குள்ள 2,668 அடி உயர அண்ணாமலையின் உச்சியில் கார்த்திகைதோறும் ஏற்றப்படும் மகாதீபத்தைக் காண லட்சக்கணக்கானோர் திரள்கின்றனர். அதே மலையின் சரிவுகளில் கோடையில் இன்னொரு தீயும் மூள்கிறது. அது காய்ந்த புல்லைப் பற்றிப் படரும் காட்டுத்தீ. இம்மலையின் காட்டை அழித்தது கோடரி. அதைத் திரும்ப வரவிடாமல் தடுத்தது இந்தத் தீ. இக்கருத்தை இலக்கியச் சான்றுகள், அண்மைக்கால வரலாறு, சூழலியல் விதிகள் ஆகியவற்றின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

சூழல்மண்டலம் என்னும் கருத்து

சூழலியலுக்கு 1866-இல் பெயரிட்டவர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்னஸ்ட் ஹெக்கல். உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்றையும் ஒரே அமைப்பாகக் கண்டு 1935-இல் ‘சூழல்மண்டலம்’ என்ற கருத்தை முன்வைத்தவர் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. பசுந்தாவரத்திலிருந்து தாவர உண்ணிக்கும் அதிலிருந்து ஊனுண்ணிக்கும் ஆற்றல் செல்லும்போது ஒவ்வொரு படியிலும் அதன் பெரும்பகுதி இழக்கப்படுவதை 1942-இல் அமெரிக்கரான ரேமண்ட் லிண்டமன் விளக்கினார். ஆற்றல் ஒருவழியாகச் செல்வது, சத்துகளோ சுழல்வன. உதிர்ந்த இலையைக் கரையானும் பூஞ்சையும் பாக்டீரியாவும் மக்கச் செய்து மண்ணுக்கே திருப்பித் தருகின்றன.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், மரம், விலங்கு, புள் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்தது. இது கவிதைக்கான இலக்கணமே. அறிவியல் கோட்பாடு அன்று. ஆயினும் ஓரிடத்து உயிர்களை அவ்விடத்தோடு பிணைத்தே காணும் பார்வை இதில் உண்டு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவது இன்னும் கூர்மையானது. நிலம் தன் நிலையிலிருந்து சரியும் என்பதைத் தமிழர் அறிந்திருந்தனர்.

இலக்கியம் காட்டும் மலை

திருவண்ணாமலைக்கு மேற்கே சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ளது செங்கம். அவ்வூரை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், இப்பகுதி மலைகளின் அருவிகளையும் யானைகளையும் தினைப்புனங்களையும் விரித்துரைக்கிறது. புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சி வழிகளில் வைத்த கற்பொறிகளைப் பற்றி, நன்னனிடம் பரிசில் பெற மலைவழியே செல்லும் கூத்தரை எச்சரிக்கவும் செய்கிறது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய அண்ணாமலைப் பதிகங்களில் அருவி முழவுபோல் அதிர்கிறது. இடிக்கு அஞ்சிய ஆமா என்னும் காட்டு மாட்டின் பிணை, ஊர்ப் பசுக்களின் நிரையோடு வந்து சாரலில் ஒதுங்குகிறது. பதிகத்தை வனக் கணக்கெடுப்பாகக் கொள்ளலாகாது. ஆனால் காட்டு மாடும் வீட்டு மாடும் ஒரே சாரலில் நிற்கும் காட்சி, காடும் ஊரும் ஒட்டியிருந்த ஒரு நிலத்தை அறிந்தவர் மனத்தில் எழக்கூடியது.

காடு புல்லானது

1896 செப்டம்பர் 1 அன்று, பின்னாளில் ஞானியாகப் போற்றப்பட்ட ரமணர் திருவண்ணாமலைக்கு ரயிலில் வந்து இறங்கினார். மலைமீதுள்ள விரூபாட்ச குகையிலும் கந்தாசிரமத்திலும் அவர் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றிய பதிவுகளில் சிறுத்தையும் குரங்கும் மயிலும் வருகின்றன. கூடவே புல்லறுப்போரும் விறகு சுமப்போரும் வருகின்றனர். ஊர் பெருகப் பெருக அடுப்புக்கு விறகும், கூரைக்குப் புல்லும், ஆடு மாடுகளுக்கு மேய்ச்சலும் மலையிலிருந்தே வந்தன. 1980களுக்குள் மலையின் பெரும்பகுதி பாறையும் புல்லுமாக நின்றது.

வெட்டப்பட்ட காடு மழை பெய்தால் தானே தழைக்காதா? தழைக்கும். முதலில் புல், பிறகு புதர், அதன்பின் மரம் என்று படிப்படியாக நிகழும் மாற்றத்தைத் தாவர வழிமுறை வளர்ச்சி என்பர். அண்ணாமலையில் அது முதற்படியிலேயே நின்றுபோனது. ஆளுயரத்துக்கு வளரும் புல் மாசியில் காய்கிறது. ஒரு பொறி போதும். தீ கடந்தபின் புல்லின் வேர்க்கட்டு மண்ணுக்குள் பிழைத்து அடுத்த மழையில் துளிர்க்கிறது; மரக்கன்றோ தண்டோடு கருகுகிறது. இவ்வாறு தீ புல்லை வளர்க்க, புல் தீயை வளர்க்கிறது. மக்க வேண்டிய இலை சாம்பலாகி முதல் மழையில் அடித்துச் செல்லப்படுகிறது. மண் மெலிய மெலிய மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது. அடிவாரத்துக் குளங்களுக்குச் சிறுகச் சிறுக ஊற வேண்டிய நீர் ஒரே நாளில் வண்டலோடு வந்து சேர்கிறது.

மீட்பின் பாடம்

1988-இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைக் காடு வளர்ப்புச் சங்கமும், 2000களில் ‘தி ஃபாரஸ்ட் வே’ அமைப்பும், வனத்துறையும், ஊர்த் தன்னார்வலர்களும் சரிவுகளில் மரக்கன்றுகளை நட்டனர். கன்று நடுவதைவிடக் கடினமானது அதைக் கோடையில் காப்பது. மழைக்காலம் முடிந்ததும் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவதே இங்கு அடிப்படைப் பணியானது. தீ எட்டாத இடங்களில் மரநிழல் விழுந்தது. நிழலில் புல் மெலிந்தது. பறவைகள் எச்சத்தில் இட்ட விதைகள் தாமே முளைக்கத் தொடங்கின. நின்றுபோன வளர்ச்சி மீண்டும் நடந்தது.

ஆனால் மீட்சிக்கும் எல்லை உண்டு. ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் 2024 டிசம்பர் 1 அன்று மலையடிவாரக் குடியிருப்பான வ.உ.சி. நகரை ஒட்டிய சரிவில் மண் சரிந்து, சிறுவர் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அத்தகைய மழைக்கு முன் மரவேர் மட்டும் போதும் என்று சொல்ல முடியாது. செங்குத்துச் சரிவின் அடிவாரம் வரை வீடுகள் ஏறியதையும் இதில் கணக்கிட வேண்டும்.

முடிவுரை

மலையையே சிவமாகத் தொழும் ஊரில் மலையின் காடு அழிந்தது. எனவே புனிதம் என்னும் எண்ணம் மட்டும் ஒரு சூழல்மண்டலத்தைக் காத்துவிடாது என்பதே இவ்வரலாறு தரும் முடிவு. பக்தி பாறையை வணங்கியது. அதைப் போர்த்திய மண்ணையும் புல்லையும் விதையையும் கணக்கில் கொள்ளவில்லை. கார்த்திகைத் தீபம் தணிந்த சில வாரங்களில் தீத்தடுப்புக் கோடு வெட்ட ஆட்கள் மலையேறுகிறார்கள். அதுவும் இம்மலைக்குச் செய்யும் வழிபாடே.