வேலையோடு போவன: பணிப் பாதுகாப்பை ஒப்பிடும் முறை பற்றி

தொழிலாளர் நிலையை நாடுவாரியாக ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் பணிநீக்கச் சட்டத்திலிருந்தே தொடங்குகின்றன. ஒருவரை நீக்க எத்தனை நாள் முன்னறிவிப்பு, எவ்வளவு இழப்பீடு, யாருடைய அனுமதி என்பனவற்றுக்கு மதிப்பெண் இட்டு, பூச்சியம் முதல் 6 வரையான அளவுகோலில் நாடுகளை வரிசைப்படுத்துகிறது ஓஇசிடி அமைப்பு. அந்த அளவுகோலால் பயன் இல்லாமல் இல்லை. ஆனால் அது அளப்பது முதலாளிக்கு ஆகும் செலவை. தொழிலாளியின் கணக்கு வேறு. வேலை போகும்போது அதனுடன் சேர்ந்து எவையெல்லாம் போகின்றன? மருத்துவமா, குடியிருப்பா, நாட்டில் தங்கும் உரிமையா? ஒப்பீட்டில் முதலில் கேட்க வேண்டியது இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவையும் டென்மார்க்கையும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில், 1987இல் தனிச் சட்டம் இயற்றிய மொண்டானா நீங்கலாக, தனியார் துறை ஊழியரைக் காரணம் சொல்லாமலே அனுப்பிவிட முடியும். பாகுபாடு, பழிவாங்கல் போன்றவற்றுக்கு மட்டுமே தடை. டென்மார்க்கில் 1899ஆம் ஆண்டு சுமார் நூறு நாள் நீடித்த கதவடைப்பு ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. சங்கம் அமைக்கும் உரிமையை முதலாளிகள் ஏற்றனர்; வேலையை நடத்தவும் பகிர்ந்தளிக்கவும் உள்ள அவர்களுடைய உரிமையைச் சங்கங்கள் ஏற்றன. ஆலைத் தொழிலாளரை அனுப்புவது அங்கே இன்றும் பல ஐரோப்பிய நாடுகளைவிட எளிது. சட்ட ஏட்டை மட்டும் புரட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாதி நாடுகள்.

வேறுபாடு வேலை போன மறுநாள் தெரியும். அமெரிக்காவில் ஏறத்தாழப் பாதி மக்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலை வழியாகவே வருகிறது. யாரும் இப்படித் திட்டமிடவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு வந்தது. கூலியைக் கூட்டி ஆள் பிடிக்க வழியில்லாத நிறுவனங்கள் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் அதற்கு நிலையான வரிவிலக்கு தந்தது. போர்க்காலத்து ஒட்டுவேலை ஒன்று ஒரு நாட்டின் தொழிலுறவையே இன்றுவரை வளைத்து வைத்திருக்கிறது. வேலை இழந்தவர் பழைய காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் தொடரலாம் என்று 1986இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுத் தவணையும், அதற்கு மேல் 2 விழுக்காடு வரையும் அவரே கட்ட வேண்டும். அதுவும் சம்பளம் நின்றுபோன நேரத்தில். பிரிஜிட் மாட்ரியன் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: இத்தகைய காப்பீடு உடையோர் தாமாக வேலை மாறும் விகிதம் 25 விழுக்காடு குறைகிறது. பின்வந்த ஆய்வுகள் இந்த அளவில் ஒத்துப்போகவில்லை. 2010ஆம் ஆண்டின் ஒபாமா கால மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் பிடியைச் சற்றுத் தளர்த்தியது. எனினும், எளிதில் ஆளை நீக்கும் நாடு என்றால் ஆள் எளிதில் இடம்மாறும் நாடு என்ற எண்ணம் இங்கே ஆட்டம் காண்கிறது.

டென்மார்க்கில் 1973இல் நோய்க்கால நிதிச் சங்கங்கள் கலைக்கப்பட்டு, மருத்துவம் வரிப்பணத்தில் நடக்கத் தொடங்கியது. வேலையின்மை நிதிச் சங்கங்களுக்கு 1907 முதலே அரசு உதவி உண்டு. உறுப்பினர் வேலை இழந்தால் முந்தைய ஊதியத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். இந்த 90ஐ அப்படியே மேற்கோள் காட்டுவோர் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்பதைச் சொல்வதில்லை. நல்ல சம்பளக்காரருக்குக் கிடைப்பது அதைவிட வெகு குறைவு. சந்தா கட்டிச் சேராதவருக்கு அதுவும் இல்லை. உதவி பெறும் காலத்தையும் 2010இல் நான்கு ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். சொர்க்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே வேலை போனால் போவது வேலைதான். மருத்துவர் அப்படியே இருக்கிறார்.

ஜப்பான் இந்த அளவுகோலை வேறு விதமாகக் குழப்புகிறது. நியாயமான காரணமற்ற பணிநீக்கம் செல்லாது என்பது அங்கே நீதிமன்றங்கள் வளர்த்த கொள்கை. 2003இல் அது சட்டத்திலும் ஏறியது. நிரந்தர ஊழியருக்கு அது வலுவான அரண். 2004 முதல் ஆலை உற்பத்திக்கும் ஆள்வழங்கு நிறுவனங்களின் தற்காலிகத் தொழிலாளரை அமர்த்த இடம் கிடைத்தது. அவர்களில் பலர் தங்கியது வேலையோடு வந்த விடுதிகளில். 2008இன் நிதி நெருக்கடியில் ஒப்பந்தம் முறிந்ததும் படுக்கையும் போயிற்று. அந்த ஆண்டின் கடைசி நாளன்று டோக்கியோவின் ஹிபியா பூங்காவில் தன்னார்வலர்கள் கூடாரம் அடித்துக் கஞ்சி ஊற்றினார்கள். ஏறக்குறைய 500 பேர் வந்து சேர்ந்தனர். தொழிலாளர் நல அமைச்சகம் பக்கத்திலேயே இருந்தது. ஜனவரி 2இல் அது தன் அரங்கத்தைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. ஓராண்டு வேலை உறுதி இல்லாத தற்காலிகத் தொழிலாளரைச் சேர்க்காத வேலையின்மைக் காப்பீட்டு விதி 2009இல் ஆறு மாதமாகவும், 2010இல் 31 நாளாகவும் தளர்ந்தது. சட்டம் அசைந்தது வேலை போனதால் அன்று, அதோடு வீடும் போனது நடுப்பூங்காவில் தெரிந்ததால் என்றே கருதுகிறேன்.

தமிழருக்கு இது புதிய செய்தியன்று. இலங்கை மலையகத்தில் வேலையும் லயன் அறையும் ஒரே தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்துவந்தன. எச்-1பி விசாவில் அமெரிக்கா சென்ற மென்பொருள் பொறியாளருக்கு வேலை போனால் அதிகபட்ச அவகாசம் 60 நாள். தோட்டத் தொழிலாளி, பொறியாளர் இருவரின் சம்பளத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கட்டு மட்டும் ஒரே வகை.

இந்தியாவில் விவாதம் இன்னும் எண்ணிக்கையைச் சுற்றியே நடக்கிறது. 1976இல் 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும் என்றார்கள்; 1982 திருத்தம் அதை 100 ஆக்கியது; 2020இன் தொழிற்சட்டத் தொகுப்பு மீண்டும் 300க்குப் போயிற்று. இந்த ஏற்ற இறக்கம் எதுவும் ஒப்பந்தத் தொழிலாளியைத் தொடவில்லை. அவருக்குப் பொருந்தும் கேள்வியை ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கேட்கலாம். அங்கே வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளருக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைச் சிப்காட் கட்டி, 2024இல் திறந்தது. நெரிசலான வாடகை விடுதிகளை விட அது பல மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. கட்டியது அரசு நிறுவனம். ஆனால் வேலை முடிந்த பெண் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேற எத்தனை நாள் அவகாசம் என்பதை எந்தத் தொழிற்சட்டத் தொகுப்பும் சொல்லவில்லை.