பிளேக் பயமும் காலியான கடைகளும்

நம் அங்கத்தினர்களில் குஜராத்திலும் மஹாராஷ்டிராவிலும் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர்கள் பலர். அவர்களிடம் 1994 செப்டம்பர் மாதத்தைப் பற்றிக் கேட்டால், உடனே 'சூரத் பிளேக்' என்பார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் நாம் பார்த்த கூட்டத்தை, "இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை" என்று இளைஞர்கள் சொன்னார்கள். உண்மையில் நம் நாட்டில் அது பழைய கதை. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பம்பாய், 1896

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்பவர் பிளேக் நோயை முதலில் இனம் கண்டுகொண்டார். மாண்ட்வி துறைமுகத்தை ஒட்டிய இடம்; தானியக் கிடங்குகள் நிறைந்தது. மூட்டைகள் குவிந்த இடத்தில் எலிகளுக்குக் கேட்க வேண்டுமா? எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சிதான் வியாதியைப் பரப்புகிறது என்பதை, பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1898-ல்தான் கராச்சியில் பரிசோதனை செய்து காட்டினார். அதுவரை ஜனங்களுக்கு எதைக் கண்டு பயப்படுவது என்றே தெரியவில்லை. லட்சக்கணக்கானோர் ஊரை விட்டுக் கிளம்பினர்.

அந்த நாளில் வாங்கிக் குவிக்க மருந்தும் கிடையாது. வால்டெமர் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பம்பாய் கிராண்ட் மெடிகல் காலேஜில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10-ந் தேதி முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அதே வருஷம் தொற்று நோய்ச் சட்டமும் வந்தது. 2020-ல் மாநில அரசுகள் கையில் எடுத்ததும் இந்த 1897-ஆம் வருஷச் சட்டத்தைத்தான்.

சூரத், 1994

1994-ல் மழை பலமாகப் பெய்தது. தாபி நதியின் வெள்ளம் சூரத்தின் தாழ்வான பகுதிகளில் புகுந்தது. தண்ணீர் வடிந்த பின் குப்பையும் செத்த பிராணிகளும் தெருக்களில் கிடந்தன. முன்னதாக ஆகஸ்டில் மஹாராஷ்டிராவின் பீட் ஜில்லாவில் கட்டி பிளேக் தலை காட்டியிருந்தது. செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் சூரத்தில் நுரையீரல் பிளேக் என்று செய்தி பரவிற்று. ஜவுளி ஆலைகளிலும் வைரப் பட்டறைகளிலும் வேலை செய்த வெளியூர்த் தொழிலாளர்கள் கிடைத்த ரயிலில் ஏறினர். சில நாட்களுக்குள் பல லட்சம் பேர் வெளியேறினர். தனியார் டாக்டர்களிலும் பெரும்பாலோர் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பிளேக்குக்கு மருந்து இருந்தது. டெட்ராசைக்ளின் என்ற சாதாரண மாத்திரை, விலையும் அதிகமில்லை. ஆனால் அது சூரத்தில் மட்டுமல்ல, பம்பாயிலும் டெல்லியிலும் கூடக் கடைகளிலிருந்து மறைந்தது. நான் அப்போது வதோதராவில் இருந்தேன். சூரத்திலிருந்து வடக்கே வரும் ரயில்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். கைக்குட்டையால் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு இறங்கியவர்களைப் பார்த்தே ஊர் கதிகலங்கிவிட்டது. இரண்டே நாளில் எங்கள் பேட்டையில் டெட்ராசைக்ளின் இல்லை. பிறகு பினாயில் இல்லை, கற்பூரம் இல்லை, பால் பவுடர் இல்லை. நம்மவர்கள் சிலர் ஆறு மாதத்துக்குக் காப்பிக்கொட்டை வாங்கி வைத்தார்கள்!

எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் ஒரு குஜராத்திப் பெரியவர். அவர் இரண்டு டப்பா மாத்திரையை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, டாக்டர் சீட்டு இல்லாத யாருக்கும் தர மறுத்தார். "இத்தனை வருஷ வாடிக்கை, எங்களுக்கே இல்லையா?" என்று பலர் சண்டை பிடித்தார்கள். "காய்ச்சல் வந்தவனுக்குக் கொடுக்க வேண்டாமா பாய்?" என்பதே அவருடைய பதில். நாலைந்து நாள் கழித்து ஒரு கட்டடத் தொழிலாளி இரவு ஒன்பது மணிக்கு மனைவிக்காகச் சீட்டுடன் வந்தார். அந்தப் பெண்ணுக்கு வந்தது பிளேக்கா, வெறும் ஜுரமா, நான் அறியேன். ஆனால் ஊரில் வேறெங்கும் கிடைக்காத மாத்திரை அன்றிரவு அவளுக்குக் கிடைத்தது.

இது எத்தனை பெரிய விஷயம் என்பது வைத்திய சாஸ்திரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். நுரையீரல் பிளேக்கில் அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்காவிட்டால் பிழைப்பது அரிது. ஆரோக்கியமாக இருக்கும் நூறு பேர் வீட்டு அலமாரியில் மாத்திரை தூங்கும்போது, நோயாளி கடை கடையாக அலைந்தால் அந்த 24 மணி நேரம் கழிந்துவிடும். வாங்கியவர்களுக்கும் நன்மையில்லை. பயத்தில் இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டு நிறுத்தினால் பலன் கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அந்த மருந்து பொதுவாகக் கொடுக்கக் கூடாதது. குழந்தைகளின் பற்கள் நிறம் மாறிவிடும். அது தெரியாமலே பலர் குடும்பம் முழுவதற்கும் கொடுத்தார்கள்.

முடிவில் நாடு முழுவதும் இறந்தவர்கள் அறுபதுக்கும் குறைவு. நோயை விடப் பீதிதான் அதிக தூரம் போயிற்று. ஒரு நல்லதும் நடந்தது. 1995 மே மாதம் சூரத் மாநகராட்சி கமிஷனராக வந்த எஸ்.ஆர். ராவ், குப்பை அகற்றுவதை ஒழுங்குபடுத்தி, அதிகாரிகளைத் தினமும் தெருவில் இறங்க வைத்தார். 1996-ல் சண்டிகருக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது சுத்தமான நகரம் என்று சூரத் பெயர் வாங்கியது.

மறுபடியும், 2020

2020 மார்ச் 13-ந் தேதி முகக்கவசத்தையும் சானிடைசரையும் மத்திய அரசு அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் அடங்காமல், 200 மில்லி சானிடைசருக்கு 100 ரூபாய் என்று உச்ச விலை நிர்ணயிக்க வேண்டி வந்தது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவித்ததும் பல ஊர்களில் ஜனங்கள் கடைக்கு ஓடியது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும்.

இந்த முறை டெட்ராசைக்ளின் இடத்தில் ஹைட்ராக்சி குளோரோகுவின். நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவ ஊழியர்களுக்கும், நோயாளியின் வீட்டாருக்கும் என்று சொல்லப்பட்டதை ஆளாளுக்கு வாங்கினார்கள். மும்பையில் இருக்கும் என் மன்னி முடக்குவாதத்துக்காக அதை வருஷக்கணக்கில் தினமும் சாப்பிடுகிறவள். அந்த ஏப்ரலில் அவளுக்கு ஒரு மாத்திரை கிடைக்கவில்லை. விரல் மூட்டுகள் வீங்கி, தோசை திருப்பக் கூட முடியாமல் மூன்று வாரம் தவித்தாள். பிறகு வந்த பெரிய பரிசோதனைகளில் அந்த மருந்து கொரோனாவுக்குப் பயன் தராது என்று தெரிந்தது. யாருக்கு அது அவசியமோ அவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள்.

நாம் செய்யக்கூடியது

வீட்டில் ஒரு மாத மளிகையும், தினமும் சாப்பிடும் மருந்து ஒரு மாதத்துக்கும் எப்போதும் இருப்பது நல்ல பழக்கம். அமைதியான நாளில் வாங்கி வைப்பது முன்ஜாக்கிரதை. பீதி கிளம்பிய பிறகு ஓடிப்போய் வாங்குவது இன்னொருவர் பங்கை எடுப்பது. கடைக்காரர் வழக்கமான விற்பனையைக் கணக்கிட்டுத்தான் சரக்கு வைக்கிறார். பத்து வீட்டார் மூன்று மாதச் சாமானை ஒரே நாளில் வாங்கினால் பதினோராவது வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தப் பதினோராவது வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வரிசையில் நிற்க முடியாத முதியவர்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக வாழும் தம்பதிகள் நம் சமூகத்தில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு ஊர்க் கிளையும் அத்தகையவர்களின் பெயர், அவர்கள் தினமும் சாப்பிடும் மருந்து, பக்கத்தில் இருந்து உதவக்கூடிய ஓர் அங்கத்தினர் ஆகிய விவரங்களை, அவர்கள் சம்மதத்துடன், ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரி பார்த்தால் போதும். அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நோட்டுப் புத்தகத்தை இந்த மாதக் கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.